பூனை ஓயாமல் சொறிகிறதா? முடி போன இடத்திலிருந்து தொடங்குங்கள்

எங்கள் வீட்டுச் சாம்பல் பூனைக்கு வால் தொடங்கும் இடத்தில் முடி மெலிந்து, பத்தே நாளில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தெரியத் தொடங்கியது. வீட்டில் எல்லோரும் ஒருமனதாக ‘உடம்புச் சூடு’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டோம். தயிர்ச்சோறு வைத்தோம்; முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. காரணம் சூடும் இல்லை, சத்துக் குறைவும் இல்லை. எங்கள் கண்ணில் ஒருமுறைகூடப் படாத தெள்ளுப்பூச்சி. அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை மாதம் ஆனது. பார்க்க வேண்டிய இடத்தில் பார்த்திருந்தால் ஐந்து நிமிடம் போதும்.

பூனைக்கு எந்தத் தோல் நோய் வந்தாலும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்: சொறி, பொருக்கு, சொட்டை. அவை தொடங்கும் இடம்தான் வேறுபடும். அதனால் நோயின் பெயரைத் தேடாமல், பூனையின் உடம்பில் எந்தப் பகுதி கெட்டிருக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

முடி தானே உதிர்கிறதா, பூனை பிடுங்குகிறதா?

சொட்டை விழுந்த இடத்தில் விரலை முடிக்கு எதிர்த்திசையில் தடவிப் பாருங்கள். இரண்டு நாள் சவரம் செய்யாத தாடை போல முள்முள்ளாகத் தட்டுப்பட்டால், முடி வேரோடு விழவில்லை. பூனை நக்கி நக்கி அறுத்திருக்கிறது. அதன் நாக்கில் கொக்கி போன்ற சிறு முட்கள் உண்டு, அரம் போலவே வேலை செய்யும். மருத்துவர் நாலைந்து முடியைப் பிடுங்கி நுண்ணோக்கியில் வைத்தால் இது உறுதியாகிவிடும்: முனை கூர்மையாக இருந்தால் தானே உதிர்ந்தது, பிய்ந்து மழுங்கியிருந்தால் நக்கியது.

“எங்கள் பூனை நக்குவதே இல்லையே” என்று சொல்பவர்கள் பலர். நானும் சொன்னேன். பூனைகள் ஆளில்லாத நேரத்தில், கட்டிலுக்கு அடியில் போய் நக்கும். இரவில் கைபேசியை ஒரு மூலையில் பதிவு செய்ய வைத்துப் பாருங்கள். வாந்தியில் முடிக்கற்றை அடிக்கடி வருவதும், மலத்தில் முடி நிறைய இருப்பதும் அதே சாட்சியம்தான்.

ஒன்று மட்டும் இயல்பு: கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட நெற்றிப்பகுதியில் பூனைகளுக்கு முடி குறைவாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பதறி ஓட வேண்டாம்.

முதுகின் பின்பாதி, வாலடி, தொடையின் பின்பக்கம்

வேறு எதையும் யோசிப்பதற்கு முன் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகியுங்கள். முடிக்குள் விரலை விட்டால் கடுகுமணிகள் ஒட்டியது போலச் சிறு பொருக்குகள் தட்டுப்படும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரியும்.

பூச்சி ஒன்றுகூடத் தென்படவில்லையே என்பது எதிர்வாதம் ஆகாது. ஒவ்வாமை உள்ள பூனைக்குத் தெள்ளின் எச்சில்தான் பகை. ஒன்றிரண்டு கடியே போதும், நாட்கணக்கில் அரிக்கும். அரிப்பதால் அது இன்னும் மும்முரமாக நக்கும், நக்கும்போது பூச்சியை விழுங்கிவிடும். குற்றவாளியைப் பாதிக்கப்பட்டவரே தின்றுவிட்டால் தடயத்துக்கு எங்கே போவது?

தடயம் கழிவில் இருக்கிறது. தலைப்பேன் வாரும் நெருக்கமான சீப்பை எடுத்து வாலடியிலும் கழுத்துக்கு அடியிலும் வாருங்கள். வந்த தூசியை நனைத்த வெள்ளைத் துணியிலோ மெல்லிய காகிதத்திலோ தட்டி ஒரு நிமிடம் விடுங்கள். கறுப்புத் துணுக்கைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை பரவினால் அது மண் இல்லை. பூனையிடம் குடித்த இரத்தம், தெள்ளின் வழியாக வெளியே வந்தது. மலவாயைச் சுற்றி அரிசிமணி போல ஏதாவது ஒட்டியிருந்தாலும் அதே பூச்சியைத்தான் நினைக்க வேண்டும். அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளை விழுங்குவதால் வருவது. தெள்ளு மருந்தோடு குடற்புழு மருந்தும் தேவைப்படும்.

இனி மருந்து. பிடரியில், பூனையின் நாக்கு எட்டாத இடத்தில் முடியை விலக்கித் தோலில் விடும் சொட்டு மருந்துகள்தான் இன்று வழக்கம். செலமெக்டின், ஃபிப்ரோனில் போன்றவை மாதம் ஒருமுறை போடப்படுகின்றன. எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர் சொல்லட்டும். மிகச் சிறிய குட்டிகளுக்கு எல்லாம் ஒத்துக்கொள்ளாது. குட்டியின் ஈறு வெளிறிப் போயிருந்தால் அன்றைக்கே கொண்டுபோங்கள். நிறையத் தெள்ளு ஏறிய குட்டி இரத்தசோகையால் செத்துப்போகும்.

மருந்து போட்ட பத்தாம் நாள் மறுபடியும் ஒரு பூச்சி கண்ணில் படும். “மருந்து போலி” என்று அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். நடப்பது வேறு. பூனையின் மேல் இருப்பவை வளர்ந்த பூச்சிகள் மட்டும். மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் அவை ஏறத்தாழ 5 சதவீதம். மீதி முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக உங்கள் பாயிலும் சோபா இடுக்கிலும் கிடக்கிறது. ஒரு பெண் பூச்சி நாளொன்றுக்கு 40 முட்டை வரை இடும். அவை வழுக்கி உதிர்ந்து பூனை படுக்கும் இடமெல்லாம் விழும். கூட்டுப்புழுவைப் பூச்சிக்கொல்லி தொடாது. அது மாதக்கணக்கில் காத்திருந்து, அதிர்வும் வெப்பமும் மூச்சுக்காற்றும் தெரிந்ததும் வெளியே வரும். பொங்கலுக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்த் திரும்பியவர்களின் கணுக்காலில் கூட்டமாகத் தெள்ளு ஏறுவது இதனால்தான்.

ஆகவே குறைந்தது மூன்று மாதம், விடாமல், வீட்டிலுள்ள எல்லாப் பூனைகளுக்கும் நாய்களுக்கும் அவற்றுக்கு உரிய மருந்தைப் போடுங்கள். பூனை படுக்கும் துணியை வாரம் ஒருமுறை கொதிக்கும் சூட்டில் துவையுங்கள். கட்டிலடி, சோபா மடிப்பு, சுவர் ஓரம் எல்லாவற்றையும் தூசி உறிஞ்சியால் எடுத்து, பையை வீட்டுக்கு வெளியே கொட்டுங்கள். குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் தெள்ளுத் தொல்லை சற்றே தணியும். நம் கடற்கரை ஊர்களின் வெப்பமும் ஈரமும் அதற்கு ஆண்டு முழுவதும் விருந்து.

எதைத் தடவக் கூடாது

இங்கே கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். ஏனென்றால் தெள்ளால் செத்த பெரிய பூனை அரிது, மருந்தால் செத்த பூனை அரிதல்ல.

நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறதே என்று பூனைக்குப் போடாதீர்கள். நாய் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய்க்குப் பாதுகாப்பானது, பூனைக்கு நஞ்சு: சில மணி நேரத்தில் தசை துடிக்கும், நடுங்கும், வலிப்பு வரும். அந்த மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்த பூனைக்கும் இது நேர்ந்திருக்கிறது. தவறுதலாகப் போட்டுவிட்டால், வெதுவெதுப்பான நீரிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் அலசி, துணியில் சுற்றி, மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். ஏற்கெனவே வலிப்பு வந்துவிட்டால் கழுவக்கூட நிற்க வேண்டாம்.

பினாயில், மண்ணெண்ணெய், கற்பூரம் கரைத்த எண்ணெய், தேயிலை மர எண்ணெய், காயம் துடைக்கும் கிருமிநாசினித் திரவங்கள், இவை எதுவும் பூனைக்கு ஆகாது. மனிதனும் நாயும் இத்தகைய பொருள்களைக் கல்லீரலில் வேறொன்றோடு பிணைத்து வெளியே தள்ளிவிடுவார்கள். பூனைக்கு அந்த வசதி மிகவும் குறைவு. வேப்பெண்ணெய் இயற்கையானதுதானே என்று கேட்பார்கள். வேப்பெண்ணெயால் பூனைகள் நஞ்சேறி நடுங்கிய நிகழ்வுகள் கால்நடை மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. தோலில் தடவியது எல்லாம் கடைசியில் வாய்க்குள்தான் போகிறது, அது பூனை. வலிக்குமே என்று பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. அரை மாத்திரையே உயிரை எடுக்கும்.

காது

உள்ளே காப்பித்தூள் போன்ற கறுப்பு அழுக்கு, தலையை உதறல், பின்னங்காலால் காதடியைக் கீறல்: காது உண்ணிப்பேன். தோண்டியெடுத்த அழுக்கைக் கறுப்புத் தாளில் பரப்பி வெளிச்சத்தில் பார்த்தால் வெண்புள்ளிகள் நகர்வது சிலருக்குத் தெரியும். பஞ்சுக் குச்சியை உள்ளே விடாதீர்கள், செவிப்பறை ஓட்டையாகியிருக்கலாம். இதன் வாழ்க்கைச் சுழற்சி மூன்று வாரம்; மூன்று நாளில் நிறுத்தினால் திரும்பி வரும். உதறி உதறிக் காது மடலில் இரத்தம் கட்டி பலூன் போல உப்பிவிட்டால் அது தனிச் சிகிச்சை.

உள்ளே சுத்தமாக இருந்து, மடலின் விளிம்பில் சாம்பல் மஞ்சளாகத் தடித்த பொருக்கு ஏறி, அங்கிருந்து நெற்றி, கண்மேடு, கழுத்து என்று பரவினால் அது சொறிப்பேன். தெருவில் நாம் ‘சொறிப்பூனை’ என்று விலகிப்போகிறோமே, பெரும்பாலும் இதுதான் அதன் வியாதி. அரிப்பு தாங்க முடியாமல் முகத்தை இரத்தம் வரக் கீறிக்கொள்ளும். தூக்குபவரின் முன்கையில் சிவந்த கொப்புளங்கள் வரும்; பூனைக்குக் குணமானால் அவையும் தானே அடங்கும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் இங்கே பேசும் நோய்களில் மருந்துக்கு மிக வேகமாகப் பணிவது இதுவே. தோலைச் சுரண்டிப் பார்த்ததும் பூச்சி தெரியும். தொடர்பில் உள்ள எல்லாப் பூனைகளுக்கும் சேர்த்து மருந்து போட வேண்டும்.

வெள்ளைக் காது உள்ள பூனையின் மடல் நுனி மட்டும் சிவந்து, பொருக்குத் தட்டி, ஆறாமல் இருந்தால் வெயிலைச் சந்தேகியுங்கள். மொட்டைமாடியில் ஆண்டுக்கணக்காகக் காய்ந்த வெள்ளைத் தோல் புற்றுநோயாகவும் மாறும். களிம்பு பூசிக்கொண்டு காலம் கடத்தும் இடம் இது அல்ல.

மூக்குத் தண்டில் புண்

மூக்கின் மேல், முடி குறைவான இடத்தில் சிறு புண்களும் பொருக்கும்; காது மடலின் வெளிப்புறத்திலும் அதே போல. மழைக்காலத்தில் கூடும். கொசுக்கடி ஒவ்வாமை என்று ஒன்று பூனைக்கு உண்டு. கொசுவுக்குப் பேர்போன நம் ஊர்களில் இதை ஏனோ யாரும் நினைப்பதில்லை. சோதனை எளிது: கொசுவலை அடித்த அறைக்குள் ஒரு வாரம் வைத்திருங்கள். புண் காய்ந்தால் விடை கிடைத்துவிட்டது. மனிதருக்கான கொசு விரட்டிக் களிம்பை அதன் மூக்கில் தடவிவிடாதீர்கள்.

வட்ட வட்டமாக முடி போனால்

படர்தாமரை. பூஞ்சைத் தொற்று. குட்டிகளுக்கும் பாரசீகப் பூனைகளுக்கும் அதிகம். செதில் படிந்த வட்டங்கள் முகத்திலும் காதிலும் முன்னங்காலிலும் தோன்றும். இதில் அரிப்பு இல்லாமலும் இருக்கலாம் என்பதால், ‘சொறியவே இல்லை, ஆனால் முடி போகிறது’ என்றால் இதை முதலில் நினையுங்கள். வீட்டில் குழந்தையின் கழுத்திலோ உங்கள் கையிலோ வளையம் போலச் சிவந்த தடிப்பு வந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும், ஏனென்றால் இது மனிதருக்கும் தொற்றும்.

மருத்துவர் இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டுவார். பூனைகளைப் பிடிக்கும் பூஞ்சையின் முக்கிய வகை ஆப்பிள் பச்சையாக ஒளிரும். ஒளிரவில்லை என்றால் நோயே இல்லை என்று பொருளல்ல. முடியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள், முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். வாய்வழி மருந்தும் மேற்பூச்சும் சேர்ந்துதான் வேலை செய்யும். முடி முளைத்துவிட்டதே என்று நிறுத்தினால் திரும்பி வரும்.

மருந்துக்கடையில் படர்தாமரைக்கு என்று கேட்டால் கொடுக்கும் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். மனிதத் தோலையே அது கெடுக்கிறது. நக்கி விழுங்கும் பூனைக்குக் கேட்கவே வேண்டாம். உதிர்ந்த முடியில் பூஞ்சை விதைகள் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். ஆகவே பூனையைச் சுத்தம் செய்ய எளிதான ஓர் அறைக்குள் வைத்து, முடியைத் தினமும் அள்ளி எடுப்பது மருந்துக்குச் சமமான வேலை.

தலையும் கழுத்தும் மட்டும்

பேனும் பூஞ்சையும் இல்லை என்று தெரிந்த பிறகும், கோடை மழை என்ற வேறுபாடு இல்லாமல் ஆண்டு முழுவதும் முகத்தையும் கழுத்தையும் புண்ணாக்கிக்கொண்டால் உணவு ஒவ்வாமையைப் பார்க்க வேண்டும். சில பூனைகளுக்கு வாந்தியும் இளகிய மலமும் கூடவே இருக்கும். புது உணவுதான் காரணம் என்று நினைப்பது தவறு. ஆண்டுக்கணக்காகத் தின்ற மீனோ கோழியோதான் வழக்கமாகக் குற்றவாளி.

இதற்கு நம்பகமான இரத்தப் பரிசோதனை கிடையாது. ஒரே வழி, அது இதுவரை தின்னாத ஒரு புரதத்தை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது. காடையும் வாத்தும் கோழிக்குச் சொந்தக்காரர்கள். கோழி மேல் சந்தேகம் என்றால் முயல் நல்லது. இல்லாவிட்டால் புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவு, விலை அதிகம். வீட்டில் சமைப்பதானால் டாரின் சேர்ப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்; அது இல்லாமல் பூனையின் இதயமும் கண்ணும் கெடும். புது உணவைத் தொடாமல் பட்டினி கிடந்தால் இரண்டாவது நாளே சோதனையை நிறுத்துங்கள். பசித்தால் தின்னும் என்ற பேச்சு பூனைக்குச் செல்லாது, கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும்.

சோதனை தோற்பது உணவால் அல்ல, அக்கம்பக்கத்தால். பக்கத்து வீட்டுப் பாட்டி சுவர் மேல் வைக்கும் ஒரே ஒரு நெத்திலித் தலை எட்டு வாரத்தையும் வீணாக்கும். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரிப்பு அடங்கினால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். மறுபடி அரித்தால்தான் நிரூபணம்.

வயிறு, தொடையின் உட்புறம் வழவழவென்று மொட்டை

தோலில் புண் இல்லை, பொருக்கு இல்லை, சிரைத்தது போல முடி மட்டும் இல்லை. உடனே எல்லோரும் சொல்வது ‘மன அழுத்தம்’. வீடு மாறினோம், குழந்தை பிறந்தது, புதுப் பூனை வந்தது என்று காரணமும் எளிதாகக் கிடைத்துவிடும். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், மனநிலையால் நக்குகின்றன என்று கருதப்பட்ட 21 பூனைகளை முழுமையாகப் பரிசோதித்தார்கள். 16 பூனைகளுக்கு உடல்நோயே காரணம், பெரும்பாலும் ஒவ்வாமை. மனம் மட்டுமே காரணம் என்று தேறியவை இரண்டுதான். எனவே மனசு கடைசியில் வரட்டும். முதலில் தெள்ளு, பிறகு உணவு, பிறகு தூசியும் மகரந்தமும் தரும் ஒவ்வாமை.

வயிற்றின் கீழ்ப்பகுதியை மட்டும் குறிவைத்து நக்கினால் தோலை விட்டுவிட்டுச் சிறுநீர்ப்பையை யோசியுங்கள். உள்ளே வலிக்கும் இடத்தைப் பூனை வெளியே நக்கும். மண்தட்டுக்கு அடிக்கடி போகிறதா, சிறுநீரில் இரத்தம் தெரிகிறதா என்று பாருங்கள். ஆண் பூனை முக்கி முக்கிச் சிறுநீரே வராமல் இருந்தால் அது தோல் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. விடியும்வரை காத்திருக்கக் கூடாது. வயதான பூனை மூட்டுவலிக்காக முட்டியையோ இடுப்பையோ நக்குவதும் உண்டு. பத்து வயது தாண்டி, நன்றாகத் தின்றும் இளைத்து, முடியும் கலைந்தால் தைராய்டைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் பார்த்து எதுவும் இல்லை என்றால் அப்போது வீட்டைப் பாருங்கள். ஒளிய உயரமான இடம், பூனைக்கு ஒரு மண்தட்டு வீதமும் கூடுதலாக ஒன்றும், தனித்தனி உணவுக் கிண்ணம், நாளுக்கு இரண்டு முறை விளையாட்டு. நக்கும்போது அதட்டாதீர்கள். அது இன்னும் மறைவாக நக்கும், அவ்வளவுதான்.

உதடும் மோவாயும்

மேலுதட்டில் வலியில்லாத பள்ளம் விழுந்து உதடு வீங்கினால் அது ஒவ்வாமையின் இன்னொரு முகம். எலி கடித்தது அல்ல. மோவாயில் கரும்புள்ளிகள் பருக்கள். பிளாஸ்டிக் கிண்ணத்தை எவர்சில்வருக்கு மாற்றிப் பாருங்கள்.

மருத்துவரிடம் போகும்போது

எந்த மாதம் தொடங்கியது, எந்த இடத்தில் முதலில், கடைசியாகத் தெள்ளு மருந்து எப்போது, என்ன சாப்பிடுகிறது, வீட்டில் யாருக்காவது அரிப்பு உண்டா: ஒரு தாளில் எழுதி, படங்களோடு கொண்டுபோங்கள். போவதற்கு முன் குளிப்பாட்டாதீர்கள், சாட்சியம் கழுவப்பட்டுவிடும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

சோதனை எதுவும் இல்லாமல் ‘ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும்’ என்று சொன்னால் என்ன ஊசி என்று கேளுங்கள். நீண்டகாலம் நிற்கும் ஸ்டீராய்டாக இருக்கலாம். மூன்று நாளில் அரிப்பு நிற்கும், நமக்கும் நிம்மதி. ஆறு வாரத்தில் திரும்பும், மறுபடியும் ஊசி. இப்படியே போனால் நீரிழிவு வரக்கூடும். உள்ளே பூஞ்சை இருந்தால் அது பரவும். ஸ்டீராய்டு தேவைப்படும் பூனைகள் உண்டு, மறுக்கவில்லை. பேனும் பூஞ்சையும் இல்லை என்று பார்த்த பிறகு, தேவைக்கேற்ப அளவைக் குறைக்கக்கூடிய மாத்திரையாகக் கொடுப்பது நல்லது. எங்கள் பூனைக்கும் முதல் மாதம் போட்டது ஊசிதான். தெள்ளு அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

காரணம் நீங்கியதும் சில வாரத்தில் பஞ்சு போல முடி எழும்பும். பழைய அடர்த்திக்கு இரண்டு மூன்று மாதம் ஆகலாம். சயாமீஸ் வகைப் பூனையாக இருந்தால், மொட்டையான தோல் குளிர்ந்திருப்பதால் அந்த இடத்தில் மட்டும் முடி கருத்து முளைக்கும். அது புது நோய் அல்ல. அடுத்த முறை முடி மாறும்போது நிறமும் மாறிவிடும்.